சிட்காம் எழுதுகிறவர்கள், தயாரிக்கிறவர்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க சிட்காம் பார்க்கிற பழக்கம் எனக்கு இருபது வருடமாக இருக்கிறது. அதை எழுதுகிறவர்கள் எப்படி வேலைக்குச் சேர்ந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள் என்று தோண்டித் தோண்டிப் படிப்பது அதைவிடப் பெரிய பைத்தியம். விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து அலுவலக கேன்டீனிலும் கல்யாணப் பந்தியிலும் அதே கேள்விகள். அக்கா மகன் மட்டும் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டிருக்கிறான். எழுதி வைத்துவிட்டால் இனிமேல் இணைப்பை அனுப்பிவிட்டு நான் பாயசத்தைக் கவனிக்கலாம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

சிட்காம்னா நம்ம சீரியல் மாதிரிதானே?

இல்லை. சீரியலில் நேற்று விட்ட இடத்திலிருந்து கதை நகரும். சிட்காமில் அதே ஆட்கள், அதே வீடு அல்லது அதே பார், வாராவாரம் ஒரு புதுச் சிக்கல். அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் போலத் தேறும், அதற்குள் சிக்கல் முடிய வேண்டும்.

இதில் இரண்டு சாதி. அரங்கில் பார்வையாளர்களை உட்கார வைத்து, மேடை நாடகம் மாதிரி நடித்து, பல கேமராக்களால் எடுப்பது ஒன்று. 1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' மூன்று ஃபிலிம் கேமராக்களை வைத்து இந்த முறைக்குப் பாதை போட்டது. 'சியர்ஸ்', 'ஃப்ரெண்ட்ஸ்' எல்லாம் அந்த வழி. சினிமா போல ஒவ்வொரு ஷாட்டாக எடுப்பது இன்னொன்று. 'தி ஆபீஸ்', 'மாடர்ன் ஃபேமிலி' அந்த வகை. எழுத்தாளரின் வாரம் எப்படிப் போகும் என்பதே இதைப் பொறுத்துத்தான், கீழே வருகிறேன்.

டைட்டில்ல பத்துப் பன்னிரண்டு தயாரிப்பாளர் பேர் ஓடுதே, இத்தனை பேரா காசு போட்டாங்க?

அக்கா மகனின் கேள்வி இதுதான். நம் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் வட்டிக்கு வாங்கியாவது காசைக் கொண்டுவந்து கொட்டுகிறவர். அங்கே காசு ஸ்டுடியோவுடையது, சேனலுடையது. டைட்டிலில் ஓடும் 'ப்ரொட்யூசர்'களில் பெரும்பாலோர் எழுத்தாளர்கள். அது ஒரு பதவியின் பெயர், அவ்வளவுதான். இளநிலை உதவியாளர், உதவியாளர், கண்காணிப்பாளர் என்று நம் அரசு அலுவலகத்தில் ஏறுவார்களே, அந்த மாதிரி.

ஏணியின் கீழ்ப்படி ஸ்டாஃப் ரைட்டர். அடுத்து ஸ்டோரி எடிட்டர், எக்ஸிக்யூட்டிவ் ஸ்டோரி எடிட்டர். அதைத் தாண்டியதும் பட்டத்தோடு 'ப்ரொட்யூசர்' ஒட்டிக்கொள்ளும்: கோ-ப்ரொட்யூசர், ப்ரொட்யூசர், சூப்பர்வைசிங் ப்ரொட்யூசர், கோ-எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர், உச்சியில் எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர். சீசனுக்கு ஒரு படி என்பது நல்ல காலத்துக் கணக்கு. ஏற ஏறச் சம்பளம் கூடும், நடிகர் தேர்விலும் எடிட்டிங்கிலும் உட்கார வைப்பார்கள். ஆனால் காலையில் வந்து செய்யும் வேலை அதே கதையும் ஜோக்கும்தான்.

அப்போ நிஜமாவே எழுதாத தயாரிப்பாளரே கிடையாதா?

உண்டு. லைன் ப்ரொட்யூசர் வரவு செலவையும் ஆட்களையும் செட்டையும் பார்ப்பவர். எழுத்தாளர் "கடைசிக் காட்சியில் ஒரு குதிரை வரட்டும்" என்றால் குதிரைக்கு ஆகும் செலவைச் சொல்லிக் கனவைக் கலைப்பது அவர் வேலை. இன்னொரு வகை, கம்பெனி நடத்துகிறவர்கள். மார்ஸி கார்ஸியும் டாம் வெர்னரும் ஏபிசி சேனலில் அதிகாரிகளாக இருந்து வெளியே வந்து சொந்தக் கம்பெனி வைத்தவர்கள். 'தி காஸ்பி ஷோ' (1984), 'ரோசான்' (1988) அவர்களுடையவை. ஒரு வரி எழுதாமலே எந்த எழுத்தாளரை எந்த நடிகரோடு சேர்த்தால் வேலை நடக்கும் என்று மோப்பம் பிடித்தவர்கள்.

அந்த மாதிரிச் சுயேச்சைக் கம்பெனிகள் தழைத்ததற்கு ஒரு காரணம், 1970-ல் வந்த அரசு விதி. சேனல்கள் தாங்கள் ஒளிபரப்பும் தொடர்களில் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று கையைக் கட்டிப்போட்டிருந்தது. 1990-களில் அந்த விதி போனதும் சேனல்களே சொந்தமாக எடுக்க ஆரம்பித்தன, சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

ஷோரன்னர் ஷோரன்னர்னு சொல்றாங்களே, அந்தப் பேரை டைட்டில்ல நான் பார்த்ததே இல்லையே?

பார்த்திருக்க மாட்டீர்கள், அது தொழிலில் புழங்கும் பெயர். மேலே சொன்ன ஏணியின் உச்சியில் இருக்கும் எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர்களில், கடைசி வார்த்தை யாருடையதோ அவர் ஷோரன்னர். காலையில் எடிட்டிங், மதியம் சேனல்காரர்களின் குறைப் பட்டியல், மாலையில் அடுத்த வாரக் கதை, நடுவில் நடிகரின் மனவருத்தம். எழுதத் தெரியும் என்பதற்காகவே வேலைக்கு வந்த ஒருவரிடம் இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையைக் கொடுத்து நடத்தச் சொல்வது விசித்திரம்தான், எல்லோருக்கும் கைவராது.

பெயர் பின்னால் வந்தது. வேலை ஆரம்பத்திலேயே இருந்தது. 'ஐ லவ் லூசி'யின் தலைமை எழுத்தாளரும் தயாரிப்பாளரும் ஒரே ஆள், ஜெஸ் ஓப்பன்ஹைமர். கூட எழுதியவர்கள் மேடலின் ப்யூவும் பாப் கேரல் ஜூனியரும். மூவரும் அதற்கு முன் லூசில் பாலுக்காக ஒரு வானொலித் தொடர் எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

ஒரு ரூம்ல உட்கார்ந்து எழுதுவாங்களாமே, உள்ள என்னதான் நடக்கும்?

நம் ஊர் கதை டிஸ்கஷனைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு புரியும். ஒரு நீள மேசை, சுற்றி எட்டுப் பத்துப் பேர், சுவரில் வெள்ளைப் பலகை அல்லது குத்தி வைத்த அட்டைகள். முதல் வேலை கதையை 'உடைப்பது': இந்த வாரப் பெரிய கதை என்ன, பக்கத்தில் ஓடும் சின்னக் கதை என்ன, எந்தக் காட்சி எங்கே முடிகிறது என்று பிரிப்பது. பெரும்பாலும் சொந்தக் கதைதான் சரக்கு. மாமியாருடன் நடந்த சண்டை, முன்னாள் காதலியின் கல்யாணம், எல்லாம் மேசைக்கு வரும். எழுத்தாளர் உதவியாளர் என்று ஒருவர் பேசுவதை எல்லாம் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார்.

கதையின் சட்டகம் தயாரானதும் ஒருவரிடம் கொடுத்து "போய் எழுதிக்கொண்டு வா" என்பார்கள். அவர் ஒன்றிரண்டு வாரத்தில் கொண்டுவரும் பிரதியைப் பெரிய திரையில் போட்டு எல்லோரும் வரிவரியாகக் கிழிப்பார்கள். புளித்துப்போன ஜோக்குக்கு அங்கே 'க்ளாம்' என்று பெயர். ஒரு ஜோக்கின் தலையில் இன்னொன்றை ஏற்றி இரண்டையும் கெடுத்தால் 'தொப்பி மேல் தொப்பி'. புதிதாக வந்த ஸ்டாஃப் ரைட்டர் நாளெல்லாம் பேசினாலும் தவறு, பேசாமலே இருந்தாலும் தவறு. இந்த அளவு பிடிபடாமல் முதல் சீசனோடு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

எல்லாரும் சேர்ந்து எழுதிட்டு ஒருத்தர் பேர் மட்டும் போடுறது ஏமாத்து இல்லையா?

முறை வைத்துப் போடுகிறார்கள். முதல் பிரதி எழுதியவர் பெயர் வரும். இந்த வாரம் உங்கள் பிரதியில் என் பத்து ஜோக் இருக்கும், அடுத்த வாரம் என்னுடையதில் உங்களுடையது. சந்தேகம் வந்தால் எழுத்தாளர் சங்கம், அதாவது ரைட்டர்ஸ் கில்ட், பிரதிகளை வாங்கிப் படித்துத் தீர்ப்புச் சொல்லும். ஷோரன்னர் எல்லோருடைய பிரதியையும் திருத்துகிறார், பெரும்பாலும் தன் பெயரைப் போட்டுக்கொள்வதில்லை. போட்டுக்கொள்கிறவர்களைப் பற்றி அந்த அறைக்குள் நல்லபடியாகப் பேச மாட்டார்கள்.

பின்னாடி கேக்கிற சிரிப்பெல்லாம் டேப் போட்டதுதானே?

சிலவற்றில் ஆம். 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் பதிவு செய்த சிரிப்புகளைப் பொத்தான் அமுக்கினால் வரும்படி ஒரு பெட்டியே செய்திருந்தார். போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் 'மாஷ்' தொடர்க்காரர்களுக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை, சேனல் விடவில்லை. கடைசியில் அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வேண்டாம் என்று சமாதானமானார்கள்.

ஆனால் அரங்கில் எடுக்கும் தொடர்களில் சிரிப்பவர்கள் நிஜ மனிதர்கள். வாரத்தின் முதல் நாள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனத்தை உரக்கப் படிப்பார்கள். அன்று இரவே திருத்தம். அடுத்த நாட்களில் நடித்துக் காட்டுவார்கள், மறுபடி திருத்தம், நள்ளிரவு தாண்டியும் போகும். படப்பிடிப்பு இரவில் இருநூறு முந்நூறு பேர் வந்து உட்காருவார்கள். ஒரு ஜோக் விழவில்லை என்று வையுங்கள். எழுத்தாளர்கள் மானிட்டர் பக்கத்தில் குனிந்து கும்பலாகக் கிசுகிசுப்பார்கள், யாரோ ஒரு வரி சொல்வார், ஷோரன்னர் போய் நடிகரின் காதில் அதைப் போடுவார். இரண்டாவது டேக். பழைய வரியைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குப் புது வரி வந்து விழுந்தால் அரங்கமே அதிரும். இந்த வேலையில் கிடைக்கிற பெரிய சுகம் அந்த நிமிடம்தான் என்று எனக்குத் தோன்றும். நாவல் எழுதுகிறவனுக்குக் கொடுத்துவைக்காத சுகம்.

இவங்கள்லாம் எங்க படிச்சு வராங்க?

பள்ளிக்கூடம் இன்னொரு சிட்காம்தான். சங்கீதத்தில் சிஷ்ய பரம்பரை சொல்வார்களே, அப்படி. 1970-ல் ஜேம்ஸ் எல். புரூக்ஸும் ஆலன் பர்ன்ஸும் 'தி மேரி டைலர் மூர் ஷோ' தொடங்கினார்கள். அந்தத் தொடரை எடுத்த கம்பெனியில் தேறிய கூட்டம் 1978-ல் 'டாக்ஸி' எடுத்தது. டாக்ஸியில் எழுதிய க்ளென் சார்ல்ஸ், லெஸ் சார்ல்ஸ் சகோதரர்களும் இயக்கிய ஜேம்ஸ் பரோஸும் 1982-ல் 'சியர்ஸ்' தொடங்கினார்கள். சியர்ஸ் அறையில் இருந்த டேவிட் ஏஞ்சல், பீட்டர் கேஸி, டேவிட் லீ மூவரும் 1993-ல் 'ஃப்ரேஸியர்'. (ஏஞ்சல் 2001 செப்டம்பர் 11 அன்று கோபுரத்தில் மோதிய முதல் விமானத்தில் மனைவியோடு இருந்தார்.) ஃப்ரேஸியரில் எழுதிய கிறிஸ்டோபர் லாய்டும் ஸ்டீவன் லெவிட்டனும் 2009-ல் 'மாடர்ன் ஃபேமிலி'. ஏறக்குறைய நாற்பது வருடம், ஒரே வம்சம்.

இந்த லாய்டின் அப்பா டேவிட் லாய்டும் இதே தொழில். (டாக்ஸியில் நடித்த கிறிஸ்டோபர் லாய்ட் வேறு ஆள், நானே ரொம்ப நாள் குழம்பினேன்.) 1975-ல் 'மேரி டைலர் மூர் ஷோ'வுக்காக அப்பா எழுதிய ஒரு பகுதியில் சக்கிள்ஸ் என்ற கோமாளி செத்துப்போவான்: வேர்க்கடலை வேஷத்தில் ஊர்வலம் போனவனை யானை உரிக்கப் பார்த்திருக்கும். அலுவலகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது, கதாநாயகி மேரி மட்டும் எல்லோரையும் அதட்டுகிறாள். இறுதிச் சடங்கில் எல்லோரும் அடங்கி உட்கார்ந்த பிறகு சிரிப்பு மேரிக்கு வருகிறது, அடக்க அடக்கப் பீறுகிறது. பாதிரியார் "பரவாயில்லை, சிரியம்மா, அவனுக்கு அதுதான் பிடிக்கும்" என்கிற அர்த்தத்தில் ஆறுதல் சொன்னதும் உடைந்து அழுகிறாள். அந்தப் பிரதிக்கு எம்மி, அதாவது அமெரிக்கத் தொலைக்காட்சி விருது, கிடைத்தது. சிட்காம் எழுத ஆசைப்படுகிற யாருக்கும் நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

டைரக்டர் என்ன பண்றார் அப்போ?

விருந்தாளி மாதிரி வாராவாரம் ஒருவர் வந்து இயக்கிவிட்டுப் போவார். சினிமா இயக்குநர் கையில், டிவி எழுத்தாளர் கையில் என்று அங்கே சொல்வார்கள். மேலே சொன்ன பரோஸ் விதிவிலக்கு. ஆயிரத்துக்கும் அதிகமான பகுதிகளை இயக்கியவர், பல தொடர்களின் முதல் பகுதிக்கு அவரைத்தான் தேடிப் போவார்கள்.

காசு நிறைய வருமா?

சிலருக்குக் கொட்டும், பலருக்குச் சொட்டும். பழைய கணக்கு இப்படி: வருடத்துக்கு 22, 24 பகுதிகள், வாரச் சம்பளம், எழுதிய பிரதிக்குத் தனித் தொகை, மறுஒளிபரப்பு ஆகும்போதெல்லாம் ஒரு பங்கு. தொடர் நூறு பகுதியைத் தொட்டால் உள்ளூர் நிலையங்களுக்கு விற்று வாரம் ஐந்து நாள் ஓட்டுவார்கள், அங்கேதான் நிஜமான பணம். 'சைன்ஃபெல்ட்' 180 பகுதி, 'ஃப்ரெண்ட்ஸ்' 236, 'சியர்ஸ்' 275, 'தி பிக் பேங் தியரி' 279. 'உருவாக்கியவர்' என்று பெயர் இருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி உரிமைத் தொகை.

ஸ்ட்ரீமிங் வந்ததும் சீசனுக்கு எட்டு, பத்துப் பகுதி. வேலை சில மாதத்தில் முடிந்துவிடும், அடுத்தது கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டும். வேலை பிடித்துத் தரும் ஏஜென்டுக்குப் பத்து சதவீதம் போகும். ஜோடியாக எழுதுகிறவர்கள் ஒரு சம்பளத்தையே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அடிக்கடி ஸ்ட்ரைக் பண்றாங்களே, எதுக்கு?

போன கேள்வியின் இரண்டாம் பத்தி இருக்கிறதே, அதற்குத்தான். 2007 நவம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் நூறு நாள் நடந்தது, இணையத்தில் ஓடுவதற்கும் பங்கு வேண்டும் என்று. 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள். அந்த ஒப்பந்தத்தில் ஆறு பகுதிவரை உள்ள சீசனுக்கு மூன்று எழுத்தாளர், ஏழு முதல் பன்னிரண்டு என்றால் ஐந்து, அதற்கு மேல் ஆறு என்று குறைந்தபட்ச எண்ணிக்கை வந்தது. (முழுக்க ஒருவரே எழுதினால் இது பொருந்தாது.) ஸ்டாஃப் ரைட்டருக்கும் பிரதிக்குத் தனித் தொகை உண்டு என்று ஆனது, அதுவரை ஏணியின் கீழ்ப்படிக்காரர் வாரச் சம்பளத்தோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். செயற்கை நுண்ணறிவை எழுத்தாளராகக் கணக்கில் எடுக்கக் கூடாது, அதைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது என்பதும் அதில் உண்டு.

தான் உருவாக்கின தொடர்லேருந்தே ஒருத்தரைத் துரத்த முடியுமா?

தாராளமாக. காசு யாருடையது என்று இரண்டாவது கேள்வியில் பார்த்தோம் அல்லவா. டேன் ஹார்மன் 'கம்யூனிட்டி'யை உருவாக்கியவர். மூன்றாவது சீசன் முடிந்ததும் 2012-ல் வெளியே அனுப்பினார்கள், நான்காவதை வேறு இருவர் நடத்தினார்கள், ஐந்தாவதுக்கு அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். 'உருவாக்கியவர்' என்ற பெயரை மட்டும் யாராலும் பிடுங்க முடியாது.

தானே போகிறவர்களும் உண்டு. சைன்ஃபெல்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான லாரி டேவிட் ஏழாவது சீசனோடு அதை விட்டுப் போய், 1998-ல் கடைசிப் பகுதி எழுத மட்டும் வந்தார். அவருக்குப் போவது புதிதில்லை. 1980-களில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் எழுத்தாளர் வேலையைக் கத்தித் தீர்த்து ராஜினாமா செய்துவிட்டு, தவறு செய்துவிட்டோமே என்று திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காததுபோலப் போய் உட்கார்ந்தவர். பிறகு அதையே சைன்ஃபெல்டில் ஒரு கதையாக்கிவிட்டார்.

ரூம்ல ரொம்ப அசிங்கமாப் பேசுவாங்களாமே, கேக்க ஆள் இல்லையா?

கோர்ட்டு வரை போன விஷயம். 'ஃப்ரெண்ட்ஸ்' அறையில் தட்டச்சு செய்த ஓர் உதவியாளர் (அறை பற்றிய பதிலில் சொன்னேனே, அந்த வேலைதான்), வேலை போன பிறகு, அங்கே பேசிய பாலியல் பேச்சு துன்புறுத்தல் என்று வழக்குப் போட்டார். 2006-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: பெரியவர்களுக்கான நகைச்சுவை உருவாகும் இடம், பேச்சு அவரைக் குறிவைத்ததல்ல என்று. சட்டப்படி சரியாக இருக்கலாம். தினமும் எட்டு மணி நேரம் அதைத் தட்டச்சு செய்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு கணக்கு. இதோடு இன்னொன்று: நாற்பது தாண்டினால் வேலை தருவதில்லை என்று எழுத்தாளர்கள் போட்ட வழக்குகள் பத்து வருடம் இழுத்து, 2010-ல் 7 கோடி டாலருக்குச் சமரசமாயின.

பெண்கள், நம்ம ஆட்கள் யாராவது இருக்காங்களா?

பெண்கள் முதல் நாளிலிருந்தே இருக்கிறார்கள், மேலே மேடலின் ப்யூ பெயரைப் பார்த்தீர்கள். ஆனால் அறைக்கு ஒருவர் என்கிற அளவில்தான் ரொம்ப காலம். மிண்டி கேலிங் 24 வயதில் 'தி ஆபீஸ்' அறையில் சேர்ந்தபோது எட்டுப் பேரில் அவர் மட்டுமே பெண். அப்பா தமிழர், அம்மா வங்காளி. 'சொக்கலிங்கம்' அமெரிக்க வாயில் நுழையாமல் தலையையும் வாலையும் வெட்டி 'கேலிங்' ஆனது. 2006-ல் தீபாவளி பற்றி ஒரு பகுதி எழுதினார், அதே தொடரில் நடிக்கவும் செய்தார். பிறகு சொந்தத் தொடர்கள். லாங் ஃபிஷரோடு உருவாக்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்' (2020) ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணின் கதை, நடித்தவர் கனடாவின் ஈழத்தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன்.

நகைச்சுவை நடிகர் அசீஸ் அன்சாரியின் பெற்றோர் தமிழ்நாட்டு முஸ்லிம்கள். 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில் அவருடைய பெற்றோராக நிஜ அப்பாவையும் அம்மாவையுமே நடிக்க வைத்தார். பெற்றோரைப் பற்றிய பகுதிக்கு அவருக்கும் தொடரைக் கூட உருவாக்கிய ஆலன் யாங்குக்கும் 2016-ல் எழுத்துக்கான எம்மி.

பிரிட்டன்லயும் இதே ஏணிதானா?

பெரும்பாலும் இல்லை. அங்கே ஒருவர் அல்லது இருவர் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதுவார்கள், சீசனுக்கு ஆறு பகுதி. 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே பன்னிரண்டு, ஜான் க்ளீஸும் கானி பூத்தும் எழுதியது. பிரிட்டிஷ் 'ஆபீஸ்' பன்னிரண்டும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பும். அமெரிக்க 'ஆபீஸ்' 201. 201 எழுதத்தான் அறையும் ஏணியும் தேவைப்படுகிறது.

நான் மதுரையில இருக்கேன், நல்லா காமெடி எழுதுவேன், ஸ்கிரிப்டை நேரா அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள், பிரிக்காமலே திருப்பிவிடுவார்கள். நாளைக்கு "என் கதையைத் திருடிவிட்டார்கள்" என்று வழக்கு வரும் என்ற பயத்தில், ஏஜென்ட் வழியாக வராத எதையும் ஸ்டுடியோக்கள் படிப்பதில்லை. அங்கே போய்ச் சேர்ந்து, வேலை செய்யும் அனுமதி வாங்கி, சாப்பாடு வாங்கி வரும் உதவியாளராக நுழைந்து, தட்டச்சு நாற்காலிக்கு நகர்ந்து, ஒருநாள் ஸ்டாஃப் ரைட்டர் ஆவது பழைய வழி. இணைய வீடியோ புது வழி: 'அபாட் எலிமென்டரி'யை உருவாக்கி 2022-ல் எழுத்துக்கு எம்மி வாங்கிய குவின்டா பிரன்சன் அப்படித்தான் முகம் தெரிந்தவரானார்.

எப்படிப் போனாலும் கையில் ஒரு மாதிரிப் பிரதி வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு நீங்களாக ஒரு பகுதி எழுதிக் காட்டுவது முன்பு வழக்கம். இப்போது நீங்களே யோசித்த ஒரு தொடரின் முதல் பகுதியைக் கேட்கிறார்கள். ஷாட் ஷாட்டாக எடுக்கும் வகை என்றால் முப்பது பக்கம் போல வரும். அரங்க வகையில் வசனத்தை வரி விட்டு வரி அடிப்பார்கள், அதனால் அதே இருபத்திரண்டு நிமிடத்துக்கு நாற்பத்தைந்து பக்கம் வந்தால் பதற வேண்டாம்.